இருக்கிறது, ஆனால் தேடலில் வரவில்லை: தமிழ் ஆவண எடிட்டரின் தேடலைப் பழுது பார்க்கும் வழிமுறை

"தம்பி, சொல்லு கண்ணு முன்னாடியே இருக்கு. தேடுனா இல்லைங்குது."

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இந்த போன் வராத வாரமே கிடையாது. நந்தனத்தில் புத்தகக் காட்சி திறப்பதற்குள் அச்சுக்குப் போக வேண்டிய நூல்களெல்லாம் சென்னையில் அந்த நேரத்தில்தான் கடைசி மெய்ப்பில் கிடக்கும். போனில் பேசியவர் திருவல்லிக்கேணியில் மெய்ப்பு பார்க்கும் அக்கா. அவர் கண்ணுக்கு ஒரு ஒற்று தப்பாது. தப்பவிட்டது எங்கள் எடிட்டர் மென்பொருளின் தேடல். அதைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் வந்த புகார்களை அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ் ஆவணங்களுக்குத் தேடல் வசதி எழுதுகிறவர்கள் புகாரைத் தலைப்பில் பார்த்து நேராக அந்த இடத்துக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே உள்ள எல்லாத் தீர்வுக்கும் அதுதான் அடிப்படை. தேடும்போது தாராளமாக இருக்க வேண்டும், மாற்றும்போது கறாராக இருக்க வேண்டும். படிப்பவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைத் தேடலும் ஒன்றாகவே பார்க்கட்டும். ஆனால் ஆவணத்தில் ஒரு புள்ளியைக்கூட அவர் பார்க்காமல் மாற்றக் கூடாது.

எதையும் தொடுமுன்: எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்

புகார் வந்ததும் ஊகிக்க ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சொல் எந்தக் குறியெண்களாக (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தரும் எண்) சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் எழுத்தை ஒட்டிக் கர்சரை வைத்து ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து இருந்த இடத்தில் அதன் எண் வரும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பும். அங்கே வருவது ஹெக்ஸ் (பதினாறடிமான) எண். நான் இங்கே சாதாரணப் பத்தடிமான எண்களில் தருகிறேன். உங்கள் எடிட்டரிலேயே, தேர்ந்தெடுத்த சொல்லின் எண்களை வரிசையாகக் காட்டும் சிறு ஜன்னல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். அரை நாள் வேலைதான், அதன் பிறகு பாதிப் புகார்களுக்கு இரண்டு நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும்.

'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியெண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். இந்த மூன்று கணக்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்ட நிரலில் கீழே வரும் அறிகுறிகளில் ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும்.

அறிகுறி: சொல் திரையில் இருக்கிறது, தேடினால் பூஜ்யம்

அதிகம் வருவது இதுதான். காரணங்கள் பல. எளிதானதிலிருந்து போகலாம்.

ஒகர, ஓகாரக் குறிகளை முதலில் பாருங்கள். 'கொ' என்பதில் வரும் ொ ஒரே குறியாக (3018) இருக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக (3014, 3006) இரண்டு குறியாகவும் இருக்கலாம். ஓகாரமும் அப்படியே. யூனிகோடு இவற்றைச் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி நார்மலைசேஷனைத் தேடும் சொல்லுக்கும் ஆவணத்தின் நகலுக்கும் ஓட்டினால் இது தீர்ந்தது. ஆனால் பொறுங்கள், அதை ஓட்டும் வரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது. கொஞ்சம் கீழே வருகிறேன்.

அடுத்தது ஔகாரம். ஔவையாரின் பெயரை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியவர்கள்தான் அதிகம்: ஒளவையார். 'வௌவால்' எத்தனையோ ஆவணங்களில் 'வெளவால்' என்றுதான் கிடக்கிறது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஔகாரத்தின் வலப்பக்கச் சிறகுக்கு (3031) வேறு எண், ளகரத்துக்கு (2995) வேறு எண். இங்கே நார்மலைசேஷன் உதவாது, ஏனென்றால் யூனிகோடின் பார்வையில் இவை உண்மையிலேயே வேறு வேறு. நீங்களே ஒரு விதி எழுத வேண்டும்: ஒற்றைக் கொம்புக்கோ ஒகரத்துக்கோ அடுத்து ளகரம் வந்து, அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால், அதை ஔகாரமாகவும் கருதிப் பார். 'வெளி', 'வெள்ளை' இரண்டும் இதில் சிக்காது, அங்கே ளகரத்தின் மேல் குறி இருக்கிறது. 'வெளங்கும்' போன்ற பேச்சு வடிவங்கள் சிக்கும். தேடலில் ஒரு முடிவு கூடுதலாக வந்தால் குடி முழுகாது. அதனால்தான் இந்த விதி தேடும் பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

இப்போது ரகரம். அக்காவைப் படுத்தியது இதுதான், என்னையும் ஒரு வாரம் தூங்கவிடவில்லை. பழைய அச்செழுத்துகளில் ர், ரி, ரீ மூன்றுக்கும் அடியில் சாய்கோடு இருக்காது. பார்வைக்கு அது துணைக்கால்தான். அதற்குப் பழகிய கைகளும், பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்களும் ரகரம் (2992) வர வேண்டிய இடத்தில் காலை (3006) போட்டுவிடுகின்றன. 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிறது. உங்கள் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். 'தலைவா்', 'காாியம்' எல்லாம் இதே குடும்பம். செய்தித் தளங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகளில் ஏராளமாகப் பார்க்கலாம்.

நல்ல வேளையாக இதைக் கண்டுபிடிக்கத் தெளிவான வழி உண்டு. தமிழில் உயிர்க்குறிக்கு மேல் புள்ளி வராது. காலுக்கு அடுத்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ வராது. ஆகவே காலுக்கு அடுத்து இம்மூன்றில் ஒன்று வந்தால் அந்தக் கால் ரகரமேதான், சந்தேகமே வேண்டாம்.

முன்னே சொன்ன கண்ணி இங்கேதான். 'சேர்ந்த' என்ற சொல்லை எடுங்கள். ரகரத்துக்குப் பதில் கால் விழுந்துவிட்டால் வரிசை: ச, இரட்டைக் கொம்பு, கால், புள்ளி. இதன்மேல் என்எஃப்சி ஓட்டினால் கொம்பும் காலும் சேர்ந்து ஓகாரமாகிவிடும். கிடைப்பது 'சோ்ந்த'. அதேபோல 'தெரியும்' என்பது 'தொியும்' ஆகும். ரகரமாகத் திருத்த வேண்டிய கால் தனியாக இல்லாமல் போய்விட்டது. எனவே ரகரத் திருத்தம் முதலில், நார்மலைசேஷன் அதற்குப் பிறகு. வேறெங்கோ ஏற்கெனவே நார்மலைஸ் செய்யப்பட்டு வந்த கோப்புகளுக்காக இன்னொரு விதியும் வேண்டும்: ஓகாரக் குறிக்கு அடுத்து புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வந்தால் ஏகாரமும் ரகரமுமாகப் பிரி, ஒகரக் குறிக்கு அடுத்து வந்தால் எகரமும் ரகரமுமாகப் பிரி. இந்த விதியைச் சேர்த்த அன்று அக்காவின் கோப்பில் 'சேர்ந்த' என்று தேடினோம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் குறி விழுந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஸ்ரீ' இரண்டு வகையில் எழுதப்படுகிறது: ஸகரத்தில் (3000) தொடங்கியும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் (2998) தொடங்கியும். இரண்டையும் சமமாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறிகள் (8205, 8204), பிரியா இடைவெளி (160), மறைந்த இணைகோடு (173) எல்லாம் வெட்டி ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வருபவை. தேடல் நகலில் பிரியா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்குங்கள். மற்ற மூன்றையும் எடுத்துவிடுங்கள். வளைந்த மேற்கோளையும் நேர் மேற்கோளையும் ஒன்றாக்குங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட ஒரு ஆவணத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லுமே அகப்படவில்லை

பாரிமுனைப் பக்கம் வழக்கறிஞர் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகளில் இது சகஜம். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதா அல்லது நிர்மலா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால், அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியெண், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. கட்டம் கட்டமாக வந்தால் டேஸ்-16 ஆக இருக்கலாம். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட அந்தக் குறியாக்கம், யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

தீர்வு, பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருள்தான். ஆனால் கோப்பை மொத்தமாக மாற்றியில் போடாதீர்கள். மனுவின் நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் சட்டப் பிரிவுகளும் மின்னஞ்சல் முகவரிகளும் இருக்கும், அவையும் தமிழாகிச் சிதைந்துவிடும். எந்தத் துண்டுக்குப் பழைய எழுத்துரு இட்டிருக்கிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். தேடல் பலகை இந்த நிலையில் 'முடிவு இல்லை' என்று மட்டும் காட்டுவது பயனரை ஏமாற்றுவதற்குச் சமம். 'இந்தக் கோப்பின் பெரும்பகுதி பழைய எழுத்துருவில் உள்ளது' என்று சொல்ல வேண்டும்.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையென்றால் கொம்பைக் கவனியுங்கள். யூனிகோடில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட வேண்டும்; சில பிடிஎஃப்களிலிருந்து அது கண்ணில் தெரியும் வரிசையிலேயே, எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும் கொம்பு இதன் அடையாளம். ஸ்கேன் செய்த பழைய நூலென்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களை எழுத்துணரி (ஓசிஆர்) தவறாகப் படித்திருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே தேடலைக் குறை சொல்லிப் பயனில்லை, மெய்ப்புதான் வழி.

அறிகுறி: 'மரம்' கிடைக்கிறது, 'மரத்தில்' கிடைக்கவில்லை

ஆங்கிலத்துக்குக் கட்டிய தேடலைத் தமிழுக்கு அப்படியே தூக்கி வைத்தால் இது நிச்சயம். 'மரம்' என்ற எழுத்து வரிசை மரத்தை, மரங்கள், மரமும் எதிலும் முழுதாக இல்லை. 'மர' என்று சுருக்கித் தேடினால் மரபும் மரணமும் மரியாதையும் வந்து குவியும்.

ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் வேருக்குச் சுருக்குவது ஒரு வழி. ஸ்னோபால் என்ற சொற்சுருக்கித் தொகுப்பில் தமிழுக்கான சுருக்கி இருக்கிறது. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 தரவுத்தளம் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடும் நூலகத்துக்கு அது ஏற்றது. ஒற்றை ஆவணத்துக்குள் தேடும் எடிட்டருக்கு நான் எதிர்த்திசையில் போவேன்: தேடும் சொல்லை விரிப்பது. மகரத்தில் முடியும் பெயர்ச்சொல்லா? 'மரம்' தவிர 'மரத்', 'மரங்', 'மரமு', 'மரமா', 'மரமே' என்ற தொடக்கங்களையும் சேர்த்துத் தேடு. டு, று என முடிந்தால் ஒற்று இரட்டிக்கும் வடிவத்தையும் சேர்: வீடு, வீட்டு, ஆறு, ஆற்று. இலக்கண நூலில் உள்ள வேற்றுமைப் புணர்ச்சிதான், பத்துப் பன்னிரண்டு விதிகளில் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். 'மரத்துப்போன கை' எப்போதாவது உள்ளே நுழையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வினைச்சொல்லில் இந்த வேலை நடக்காது. 'வா' என்பதிலிருந்து 'வந்தான்', 'வருகிறான்' இரண்டுக்கும் விதியால் போக முடியாது, அகராதி வேண்டும்.

இதோடு ஒட்டிய புகார் வல்லெழுத்துச் சந்தி. 'தமிழ்நாட்டு பாடநூல்' என்று தட்டினால் 'தமிழ்நாட்டுப் பாடநூல்' வராது. பயனர் இடைவெளி தட்டிய இடத்திலெல்லாம், அதற்கு முன் (க்|ச்|த்|ப்)? என்று, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் விருப்ப உறுப்பாகச் சேர்த்துவிடுங்கள். அவர் ஒற்றோடு தட்டியிருந்து ஆவணத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கவும் கூடும், அந்தப் பக்கமும் விருப்பமாக்குங்கள். மெய்ப்பு பார்ப்பவர்கள் ஒற்று மிகாமல் விட்ட இடங்களை மட்டும் தேட விரும்புவார்கள் என்பதால் 'சந்தி பாராமல்' என்பதை அணைக்கக்கூடிய பொத்தானாக வையுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. 'எழுத்து அளவைப் பொருத்து' என்ற பொத்தான் தமிழ் ஆவணத்தில் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வையுங்கள்.

அறிகுறி: 'முழுச்சொல் மட்டும்' என்பதை அழுத்தினால் முடிவுகள் காணாமல் போகின்றன

ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தை விதியாக எழுதித் தேடும் முறை) நூலகங்கள் பலவற்றுக்கு உயிர்க்குறியும் புள்ளியும் சொல்லின் உறுப்பாகத் தெரியாது. பைத்தானுடன் வரும் ரீ நூலகத்திடம் 'தமிழ்' என்பதைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு தரும். ஜாவாஸ்கிரிப்டின் சொல் எல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் தவிர வேறெதுவும் சொல்லே அல்ல. எல்லையை நீங்களே வரையறுங்கள்: முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ இல்லாத இடம்தான் எல்லை. தேடல் பட்டியலுக்கு எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் தேடல் வசதியான எஃப்டிஎஸ்-5 பயன்படுத்தினால் அங்கேயும் இதே வியாதி. அதன் இயல்பான சொல்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் சேர்க்கும், உயிர்க்குறியையும் புள்ளியையும் சேர்க்காது. வகைப் பட்டியலில் எம்என், எம்சி (புள்ளியும் உயிர்க்குறிகளும் அடங்கிய வகைகள்) இரண்டையும் கூடுதலாகக் கொடுத்து, பட்டியலை மறுபடி கட்டுங்கள்.

அறிகுறி: மஞ்சள் குறி இடம் தள்ளி விழுகிறது, அல்லது பாதி எழுத்தில் விழுகிறது

தள்ளி விழுந்தால் காரணம் நார்மலைசேஷன். தேடுவது நகலில், குறி இடுவது மூலத்தில்; நகலில் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்றாகிவிட்டதால் ஒவ்வொரு ஓகாரத்துக்கும் ஓரிடம் குறைகிறது. பத்தியின் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால் இதுவேதான். நகலின் ஒவ்வொரு குறியெண்ணும் மூலத்தில் எங்கிருந்து வந்தது என்ற வரிசையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் கொஞ்சம் செலவாகும், செலவாகட்டும்.

பாதி எழுத்தில் விழுந்தால், முடிவின் இரு முனையையும் எழுத்தெல்லைக்கு நகர்த்துங்கள். 'க' என்று தேடியவருக்கு 'கி', 'கூ' வேண்டுமா என்பது அவர் விருப்பம், ஆனால் காட்டும்போது முழு எழுத்தாகக் காட்ட வேண்டும். யூனிகோடின் பொது எழுத்தெல்லை விதி க்ஷ, ஸ்ரீ இரண்டையும் நடுவில் பிளக்கும். அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'அனைத்தையும் மாற்று' அழுத்தியதும் ஆவணம் பாழ்

ஒரு நாவலில் மணி என்ற பாத்திரத்தை ஆசிரியர் கடைசி நேரத்தில் முருகன் ஆக்கச் சொன்னார். பொத்தானை அழுத்தினார்கள். 'காலை 10 முருகன்க்கு' வண்டி புறப்பட்டது. கண்மணி 'கண்முருகன்' ஆனாள். அதைவிட மோசம், சரியான இடங்களும் கெட்டன: 'மணியை' என்பது 'முருகன்யை' ஆனது. சேமித்து மூடிவிட்டதால் திரும்பவும் வழியில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு இரவு முழுவதும் வரி வரியாகத் திருத்தினார்கள். அந்த மாற்றுப் பலகையை எழுதியவன் நான் என்பதால் இதை மறக்க முடியவில்லை.

பிறகு அந்தப் பலகையை அடியோடு மாற்றினோம். இப்போது மாற்று என்றதும் எதுவும் மாறாது. கிடைத்த இடங்கள் முழுச்சொல் வாரியாகக் கூட்டமாக வரும்: மணி, மணியை, மணிக்கு, மணியின், மணியோடு, கண்மணி. ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய வடிவம். முருகன், முருகனை, முருகனுக்கு என்று புணர்ச்சி விதிகளால் நாங்களே நிரப்பித் தருவோம். பயனர் திருத்தலாம், கூட்டத்தையே நீக்கலாம். 'மணிக்கு' மட்டும் விரித்துப் பார்க்க வேண்டிய கூட்டம். நேரம் எது, ஆள் எது என்று வாக்கியத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய முடியும். முன்னால் எண்ணோ காலை, மாலையோ இருந்தால் அந்த வரியைத் தேர்வு நீக்கியே காட்டுகிறோம்.

மேலே தேடலுக்குச் சொன்ன தாராளங்கள் எதுவும் இங்கே செல்லாது. ஔகார விதியால் கிடைத்த முடிவு என்றால், அதன் ஓரத்தில் 'எழுத்து வேறுபாட்டோடு கிடைத்தது' என்று குறி இருக்க வேண்டும். மொத்த மாற்றமும் ஒரே 'செயல்தவிர்'க்கில் திரும்ப வேண்டும். கோப்பை மூடித் திறந்த பிறகும் திரும்ப முடிகிற மாதிரி, மாற்றத்துக்கு முந்தைய பிரதியை எடிட்டரே ஒரு வாரம் வைத்திருக்கட்டும்.

அறிகுறி: தட்டத் தட்டத் திரை உறைகிறது, முடிவுகள் துடிக்கின்றன

தமிழ்99 விசைப்பலகையில் 'பக்கம்' தட்டும்போது இரண்டாவது ககரத்தைத் தட்டியதும் முதல் ககரம் தானாகப் புள்ளி பெறும். அதாவது ஏற்கெனவே தட்டிய எழுத்தே பின்னோக்கி மாறுகிறது. ஒவ்வொரு விசைக்கும் புதிதாகத் தேடினால் ஒரு சொல்லுக்குள் முற்றிலும் வேறான நான்கைந்து தேடல்கள் ஓடும். எழுத்து உள்ளீடு முடிந்தது என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். அதன் பிறகும் கால் விநாடி பொறுங்கள். ஒற்றை எழுத்துக்குத் தானாகத் தேடாதீர்கள்.

அறிகுறி: இடம் ஒன்று, பெயர் நான்கு

சென்னை ஆவணங்களில் இது தனி உபத்திரவம். ஒரே கோப்பில் அண்ணா சாலை, மவுண்ட் ரோடு, எழும்பூர், எக்மோர், தியாகராய நகர், தி.நகர், தி. நகர். 1996க்கு முந்தைய ஆவணத்தில் மதராஸ் வேறு. புள்ளிக்குப் பின்னால் உள்ள இடைவெளியை விதியால் சமாளிக்கலாம். மற்றவற்றுக்குப் பயனரே நிரப்பும் இணைச்சொல் பட்டியல் ஒன்று கொடுங்கள். எல்லா ஊருக்கும் நீங்களே பட்டியல் போட முயலாதீர்கள், முடியாது.

காதால் கேட்டு எழுதுபவர்களுக்காக மயங்கொலித் தேடலும் வேண்டும்: ண, ந, ன ஒரு குழு, ல, ள, ழ ஒரு குழு, ர, ற ஒரு குழு. இது முதலிலேயே இயங்கக் கூடாது. அரம், அறம் இரண்டும் கலந்து வந்தால் யாருக்கும் பயனில்லை. முடிவு பூஜ்யம் என்று வரும்போது மட்டும், 'பள்ளிக்கறனை என்று இல்லை. பள்ளிக்கரணை என்று இருக்கிறது, பார்க்கவா?' என்று கேளுங்கள்.

அறிகுறி: எண்ணிக்கை ஒத்துவரவில்லை

கூடுதலாக வந்தால், திருத்தத் தடத்தில் (டிராக் சேஞ்சஸ்) நீக்கப்பட்டு இன்னும் ஏற்கப்படாத வரிகளையும் எண்ணுகிறீர்கள். குறைந்தால், வேர்ட் கோப்பைத் துண்டு துண்டாகத் தேடுகிறீர்கள். வேர்ட் ஒரு சொல்லையே பல துண்டாகச் சேமிக்கும். நடுவில் ஒரு எழுத்து மட்டும் தடித்திருந்தாலே போதும், சொல் மூன்றாக உடையும். பத்தி முழுவதையும் ஒரே சரமாக்கிவிட்டுத் தேடுங்கள். அடிக்குறிப்பும் பக்கத் தலைப்பும் உரைப்பெட்டியும் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய பதிப்பு வெளியிடுமுன்

எங்களிடம் ஒற்றைப் பக்கச் சோதனைக் கோப்பு ஒன்று இருக்கிறது. ஔவையார் இரண்டு வகையிலும், வௌவால் இரண்டு வகையிலும், 'சேர்ந்த', 'தெரியும்' தலா மூன்று வகையிலும், ஸ்ரீ இரண்டு வகையிலும், பிரியா இடைவெளியோடு ஒரு 'ரூ. 500', நடுவெழுத்து தடித்த ஒரு 'மரத்தில்', நேரத்தைச் சொல்லும் ஒரு 'மணிக்கு', ஆளைச் சொல்லும் ஒரு 'மணிக்கு'. ஒவ்வொரு தேடலுக்கும் எத்தனை வர வேண்டும் என்று பக்கத்தின் அடியிலேயே எழுதியிருக்கிறோம். புதிய புகார் ஒன்று தீர்ந்தால் அதன் சொல்லும் அந்தப் பக்கத்தில் ஏறும். கடைசியாக ஏறியது போன வாரம் அக்கா அனுப்பிய 'நோ்காணல்'.